தேசிங்கின் தோழன்: ஒரு கதைப்பாடலும் அதன் பல குரல்களும்

“பெரிய ராஜா தேசிங்கு என்று நினைப்போ?” என்று யாரையேனும் ஏளனம் செய்வது தமிழகத்தின் வடபுலத்து வழக்கு. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அந்த தேசிங்கு யார், எக்காலத்தவன், எங்கே ஆண்டான் என்பது தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை. வழக்குச் சொல்லாகிவிட்ட பிறகு மனிதனின் சரித்திரம் எவருக்கும் தேவைப்படுவதில்லை. ஆனால் இச்சொல் பிறந்த இடம் அரண்மனை ஏடன்று. நாட்டுப்புறப் பாடகனின் நா. தேசிங்கு ராஜன் கதை என்னும் கதைப்பாடல் ஆர்க்காடு, செஞ்சி, திண்டிவனம் தொடங்கிச் சென்னைப் பட்டணத்துத் தெருக்கள் வரை தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டு வந்ததனாலேயே அப்பெயர் இன்றும் வாழ்கிறது.

அந்தப் பாடலில் தேசிங்கின் பக்கத்தில் எப்போதும் ஒருவன் நிற்கிறான். மோவுத்துக்காரன் என்பர் பாடகர். முகமதுகான் என்று சிலர் திருத்தி உச்சரிப்பர். வரலாற்றாசிரியர்கள் மகபத்கான் என்று எழுதுவர். பெயர் எதுவாயினும் ஆள் ஒருவனே: செஞ்சியின் இராசபுத்திர மன்னனுக்கு உயிர்த்தோழனாக இருந்து, அவனோடு ஒரே நாளில் ஒரே களத்தில் மாண்ட முஸ்லிம் வீரன். இந்தத் தோழனை யார் யார் எவ்வாறு பாடினர், எழுதினர், ஆடினர், நடித்தனர் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தேசிங்கைப் பற்றி எழுதியோர் பலர். தோழனைத் தனியே எடுத்துக்கொண்டு பேசியோர் மிகச் சிலரே.

முதலில் சரித்திரம் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளை வளைத்துக் கட்டிய செஞ்சிக் கோட்டை நாயக்கர்களிடமிருந்து 1649-இல் பீஜப்பூர் சுல்தான்களிடம் சென்றது. 1677-இல் சிவாஜி அதைக் கைப்பற்றினார். அவருடைய மகன் ராஜாராம் தஞ்சம் புகுந்திருந்த காலத்தில் முகலாயத் தளபதி சுல்பிகார்கான் 1690-இல் முற்றுகையைத் தொடங்கினார்; கோட்டையின் கதவு திறக்க 1698 ஆயிற்று. எட்டாண்டு இழுத்த முற்றுகை அது. இத்தனை பாடுபட்டுப் பிடித்த கோட்டையைப் பாதுகாக்கும் பொறுப்பு 1700-ஆம் ஆண்டளவில் சொரூப்சிங் என்னும் புந்தேல இராசபுத்திரரிடம் ஒப்படைக்கப்பட்டது. கொடுத்தவர் ஔரங்கசீப். இதை நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். தேசிங்கின் குடும்பம் செஞ்சிக்கு வந்ததே முகலாயப் பேரரசரின் ஆணையினால்தான்.

சொரூப்சிங் சும்மா இருந்தவரல்லர். 1710-இல் கடலூர்ப் பக்கத்து ஆங்கிலேயரோடு பிணங்கி, புனித டேவிட் கோட்டையைச் சேர்ந்த அதிகாரிகள் இருவரைப் பிடித்துச் செஞ்சியில் அடைத்தார். அதனால் மூண்ட சச்சரவு 1712 வரை நீடித்தது. மறுபுறம் ஆர்க்காட்டு நவாபுக்குச் செலுத்த வேண்டிய பேஷ்குஷ் தொகை ஆண்டுதோறும் நின்றுகொண்டே போயிற்று. 1714-இல் அவர் இறந்தபோது பாக்கி பல இலட்சம் ரூபாயாக ஏறியிருந்தது. தந்தையின் மறைவு கேட்டு வடநாட்டிலிருந்து வந்து கோட்டையின் அதிகாரத்தை ஏற்றவன் தேஜ்சிங். தமிழ் நாக்கில் அது தேசிங்கு ஆயிற்று. அப்போது அவனுக்கு வயது இருபத்திரண்டு என்பர். ஆண்டது பத்து மாதம்.

அக்காலத்து ஆர்க்காட்டு நவாப் நவாயத்து மரபைச் சேர்ந்த சஆதத்துல்லா கான். 1710 முதல் 1732 வரை நவாபாக இருந்தவர். அவர் பாக்கியைக் கேட்டார். தேசிங்கோ தன் தந்தைக்குப் பேரரசர் அளித்த பர்மானைக் காட்டி, கோட்டை தனக்கு உரியதென்றான். ஔரங்கசீப் 1707-லேயே மறைந்துவிட்டார். தில்லியில் அப்போது பருக்சியர் ஆண்டுகொண்டிருந்தார். பழைய பாதுஷாவின் பர்மான் புதிய பாதுஷாவின் காலத்தில் செல்லுமா, மீண்டும் உறுதிசெய்யப்பட வேண்டுமா என்பதே வழக்கின் உயிர்நிலை. இன்றைய மொழியில் சொன்னால் இது ஒரு பட்டா வழக்கு. கூடவே ஒரு வரிப்பாக்கி வழக்கு. வழக்குமன்றத்தில் தீர வேண்டியது 1714-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் செஞ்சிக்கு அருகே கடலி என்னுமிடத்தில் வாளால் தீர்க்கப்பட்டது. மழைக்காலம், ஆற்றில் வெள்ளம். தேசிங்கோடு நின்ற குதிரை வீரர் சில நூற்றுவர். எதிரே நவாபின் படை ஆயிரக்கணக்கில். தேசிங்கும் மாண்டான்; மகபத்கானும் மாண்டான். நவாபின் தரப்பிலும் தௌலத்கான் போன்ற தளபதிகள் வீழ்ந்தனர்.

இவ்வளவுதான் போர். ஒரு பகல் பொழுது. பிளாசிப் போரைப் போலவோ வந்தவாசிப் போரைப் போலவோ நாட்டின் தலைவிதியை மாற்றிய நிகழ்ச்சியும் அன்று. ஆயினும் வந்தவாசியை யாரும் பாடவில்லை, கடலியைப் பாடுகிறார்கள்.

இப்போரைப் பற்றி எழுத்தில் உள்ளவை எவை? சஆதத்துல்லா கானின் புகழைப் பாரசீகத்தில் ‘சயீத் நாமா’ என்னும் பெயரில் எழுதியவர் ஜஸ்வந்த் ராய். நவாபின் முன்ஷி, இந்து. முஸ்லிம் நவாப் இந்து அரசன் ஒருவனை வென்றதை ஓர் இந்து முன்ஷி பாரசீகத்தில் பாராட்டி எழுதுகிறார். அந்த இந்து அரசனுக்காக உயிர்விட்ட முஸ்லிமைப் பெயர் தெரியாத தமிழ்ப் பாடகர்கள் புகழ்ந்து பாடுகிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு முரணே போதும். பின்னர் வாலாஜா நவாபுகளின் காலத்தில் புர்ஹான் இப்னு ஹசன் ‘துஸக்கே வாலாஜாஹி’ எழுதினார். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 1934-இலும் 1939-இலும் இரு பகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக வெளிவரச் செய்தவர் நம் முகம்மது ஹுசைன் நயினார். தமிழ் முஸ்லிம் அறிஞர்களுள் வரலாற்று மூலங்களை இத்துணைப் பொறுமையோடு ஆராய்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தமிழிலோ ‘கர்னாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’ என்னும் உரைநடை ஏடு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெக்லியோட் என்னும் ஆங்கில அதிகாரி கேட்டுக்கொண்டதற்கிணங்க நாராயணன் என்பவர் எழுதியது அது. இவற்றையெல்லாம் ஒருங்கே வைத்து 1943-இல் ‘செஞ்சியின் வரலாறு’ எழுதிய பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் கதைப்பாடலையும் ஒதுக்கிவிடவில்லை. அதற்காக அவருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஏட்டை மட்டுமே சான்றென்று கொள்ளும் வரலாற்றாசிரியர்கள் பாட்டைக் கண்டால் முகம் சுளிப்பது வழக்கம்.

இனிப் பாட்டுக்கு வருவோம். கதைப்பாடலின் பாதி போரைப் பற்றியதே அன்று, குதிரையைப் பற்றியது. தில்லிப் பாதுஷாவிடம் பாராசாரி என்னும் குதிரை இருக்கிறது. தெய்வக் குதிரை, எவராலும் அடக்க முடியாதது. தேசிங்கின் தந்தையை அழைத்து அதன்மேல் ஏறச் சொல்கிறார்கள். அவரால் இயலவில்லை, சிறை வைக்கப்படுகிறார். மகன் வளர்ந்து, தந்தையைத் தேடித் தில்லிக்குப் போய், செஞ்சியை அடுத்த சிங்கவரத்து ரங்கநாதரின் அருளால் பாராசாரியை அடக்கித் தந்தையை மீட்கிறான். குதிரையும் அவனுக்கே பரிசாகிறது. பீம்சிங்கின் மகள் ராணிபாயும் மனைவியாகிறாள். சரித்திரத்தில் ஔரங்கசீப்பின் ஆணையால் வந்த உரிமை, பாட்டில் குதிரையை அடக்கி வென்ற உரிமையாகிவிடுகிறது. பர்மான் என்ற காகிதம் நாட்டுப்புறத்தானுக்குப் புரியாது, குதிரை புரியும். எனினும் பாடகன் உண்மையைக் கைவிட்டுவிட்டான் என்று நான் சொல்லமாட்டேன். தேசிங்கின் உரிமை தில்லியிலிருந்து வந்தது, ஆர்க்காட்டிலிருந்து அன்று என்னும் சட்ட வாதத்தைத்தான் அவன் குதிரையின் முதுகில் ஏற்றிக் காட்டுகிறான்.

தமிழ் முஸ்லிம் இலக்கியத்தில் பழகியவர்களுக்கு இந்தக் குதிரை மோகம் புதிதாகத் தோன்றாது. வள்ளல் சீதக்காதியின் மீது பாடிய நொண்டி நாடகத்தில் குதிரை திருடப் போய்க் கால் இழந்தவனே நாயகன். சக்கூன் படைப்போர் முதலிய படைப்போர் இலக்கியங்களில் குதிரையின் நடையை வருணிக்கும்போது புலவனுக்கு மூச்சு நிற்காது. அரபுக் குதிரைகள் நம் துறைமுகங்களில் வந்திறங்கிய காலத்தின் எதிரொலி அது. மரைக்காயரும் ராவுத்தரும் குதிரை வாணிகத்தில் பெயர் பெற்ற நாட்டில், கதைப்பாடலின் இரு வீரர்களுக்கும் இரு குதிரைகள் பெயரோடு அமைந்ததில் வியப்பென்ன? தேசிங்குக்குப் பாராசாரி; தோழனுக்கு நீலவேணி.

தோழன் அறிமுகமாகும் இடம்தான் பாட்டின் உச்சம் என்பது என் கருத்து. நவாபின் படை வந்துவிட்டது என்ற செய்தி செஞ்சிக்கு எட்டும் நேரத்தில் மோவுத்துக்காரன் வழுதாவூரில் மணக்கோலத்தில் இருக்கிறான். தேசிங்கின் ஓலை வருகிறது. மணமாலையைக் கழற்றி வைத்துவிட்டு நீலவேணியின்மேல் ஏறிவிடுகிறான். மணப்பெண்ணை விட்டு வருகிறான். உற்றாரின் சொல்லை மீறி வருகிறான். போகிற இடத்தில் எதிரே நிற்பவர்களுள் பெரும்பாலோர் தன் மார்க்கத்தவர் என்பது அவனுக்குத் தெரியாதா? தெரியும். கலிமாச் சொன்னவன் கலிமாச் சொன்னவனோடு பொருதப் போகிறான் என்று பாடகன் எங்கேனும் நெஞ்சு குமுறுகிறானா? இல்லை. உப்பிட்டவரை நினைக்கும் உள்ளத்தையும் நட்பையும் மட்டுமே பேசுகிறான். களத்தில் தோழன் முதலில் விழுகிறான். அதன் பிறகுதான் தேசிங்கு உயிரில் ஆசையற்றவனாகிறான்.

தேசிங்கின் சாவைப் பாடகன் சொல்லும் முறை வேறு; ஏடுகள் சொல்லும் முறை வேறு. ஏடுகளின்படி அவன் போரில் எதிரிப் படையினரால் வீழ்த்தப்பட்டான். பாட்டிலோ அவனைக் கொல்லும் தகுதி எவருக்கும் இல்லை. தன் வாளைத் தானே மேலே எறிந்து, அது விழும் இடத்தில் மார்பைக் காட்டிச் சாகிறான். போருக்கு விடைபெறச் சென்றபோது சிங்கவரத்து ரங்கநாதர் ‘இன்று வேண்டாம்’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். பள்ளிகொண்ட அந்தத் திருவுருவத்தின் தலை சாய்ந்திருப்பதற்குச் சிங்கவரத்தில் இன்றும் இதையே காரணமாகச் சொல்வர். கடவுள் தடுத்தும் போனவன். ஆதலால் விதியன்றி மனிதன் அவனைக் கொல்ல முடியாது. கட்டிய மனைவியோடும் அவன் திரையிட்டு நின்றே பேசி விடைபெறுகிறான். இத்துணைச் சோகத்தையும் ஒரே இரவில் பாடி முடிப்பது எளிதன்று.

முடிவில் பாட்டின் நவாப் என்ன செய்கிறார்? வென்றவனின் செருக்கோடு கோட்டைக்குள் நுழைகிறாரா? இல்லை; அழுகிறார். இப்படிப்பட்ட வீரனை இழந்தோமே என்று வருந்தி, அரச மரியாதையோடு சந்தனக் கட்டையில் எரியூட்டச் செய்கிறார். உடன்கட்டை ஏறிய ராணிபாயின் நினைவாக ராணிப்பேட்டை எழுந்தது என்கிறது வழிவழிச் செய்தி. உடன்கட்டையைப் போற்றுவதில் நமக்கு உடன்பாடு இல்லை. இருபது வயதும் நிரம்பாத பெண்ணொருத்தி நெருப்பில் விழுந்ததைப் புகழ்ந்து பாடும் எந்தப் பாடகனோடும் நாம் அவ்விடத்தில் ஒத்துப்போக இயலாது. ஆனால் எதிரியின் மனைவிக்கு நினைவூர் எழுப்பிய நவாப் என்னும் சித்திரத்தைத் தமிழ்ப் பாமரன் தன் மனத்தில் வைத்திருந்தான் என்பது கவனிக்கத்தக்கது. வழுதாவூரில் காத்திருந்த மணப்பெண்ணின் பெயரால் ஊர் எதுவும் எழவில்லை.

இந்தப் பாட்டை அச்சேற்றியவர்கள் சென்னையில் ‘பெரிய எழுத்து’ புத்தகம் வெளியிட்ட பதிப்பாளர்கள். இரத்தின நாயகர், ஆர். ஜி. பதி முதலிய கம்பெனியார் இராமாயணம், அல்லி அரசாணி மாலை, மதுரைவீரன் கதை ஆகியவற்றோடு தேசிங்கையும் திருவிழாக் கடைகளிலும் குஜிலிக் கடைகளிலும் பரப்பிய மரபைச் சேர்ந்தவர்கள். காகிதம் மட்டம், எழுத்து பெரிது, விலை குறைவு. அடிகளைப் பிரிக்காமல் உரைநடைபோல் ஓட்டி அச்சிட்டிருப்பார்கள். இசையறிவு இல்லாதவன் எடுத்தால் அது வெறும் வசனம். மெட்டுத் தெரிந்தவன் எடுத்தால் அது பாட்டு. இதனால் விளைந்த நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. பாடகனுக்குப் பாடகன் வேறுபட்டிருந்த கதை ஓர் உருவத்தில் உறைந்தது. ‘புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது’ என்று சொல்லும் பழக்கம் வந்தது. அச்சுப் புத்தகம் சண்டைக்குச் சண்டை ஆள்களின் எண்ணிக்கையையும் வெட்டுண்ட தலைகளையும் அடுக்கிக்கொண்டே போகும். கேட்பவர் முகத்தைப் பார்த்துக் குறைக்கவும் கூட்டவும் அதற்கு வழியில்லை.

அம்பத்தூரில் தொழிற்பேட்டை 1964-இல் வந்த பிறகு ஆரணி, செய்யாறு, திண்டிவனம், செஞ்சிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் பலர். அவர்கள் மூட்டை முடிச்சோடு பாட்டையும் கொண்டுவந்தார்கள். அவர்களுள் இருவர் இக்கதையைப் பாட நான் கேட்டிருக்கிறேன். ஒருவர் செஞ்சிப் பக்கத்துக்காரர். பட்டறையில் கடைசல் வேலை பார்த்தவர். எழுத்தறியாதவர். அவருக்குத் தேசிங்கு என்றால் ஊர்ப் பெருமை. சிங்கவரத்து மலையையும் வெள்ளம் புரண்ட ஆற்றையும் கண்முன் நிறுத்துவார். இந்தப் பாறை, அந்த ஓடை என்று இடம் சொல்லிப் பாடுவார். தில்லிப் பகுதியை நாலே வரியில் முடித்துவிடுவார். தில்லியை அவர் கண்டதில்லையே! மற்றவர் மிதிவண்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர். பெரிய எழுத்துப் புத்தகம் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். நோன்புக் காலத்து இரவுகளில் தராவீஹ் முடிந்து கடைத் திண்ணையில் கூடுவோர் கேட்டால் ராகம் போட்டு வாசிப்பார். பெண்கள் வீட்டில் பாடும் முனாஜாத்தின் மெட்டு அதில் வந்து கலக்கும். வழுதாவூர்ப் பகுதி வந்ததும் அவர் நடை தளர்ந்துவிடும். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி வாசிப்பார். முதலாமவர் அதே இடத்தை உடுக்கையின் வேகத்தில் கடந்துவிடுவார். அவருக்குப் போர் காத்திருக்கிறது. இவருக்கோ மணப்பந்தல் கலைந்துகொண்டிருக்கிறது. ‘என்ன பாவா, புத்தகத்தில் இவ்வளவு இல்லையே’ என்று ஓர் இளைஞன் குறுக்கிட்டான். ‘புத்தகத்தில் எழுத்துத்தானப்பா இருக்கும், மூச்சு நாமதான் விடணும்’ என்றார் அவர். இசைவாணர்களின் மனோதர்மத்தைப் பற்றி எத்தனையோ சொற்பொழிவுகளைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

அம்பத்தூருக்கு இக்கதை முற்றிலும் வெளியூர்க் கதையும் அன்று. பூவிருந்தவல்லி வழியாக ஆர்க்காட்டுக்குப் போகும் பெருவழி இவ்வட்டாரத்தின் பழைய சாலை. இந்நிலங்கள் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிக்கு உட்பட்டிருந்து, 1763-இல் செங்கற்பட்டு ஜாகீராக முகம்மதலி நவாபால் கும்பினியாரிடம் போய்ச் சேர்ந்தவை. தேசிங்கிடம் பாக்கி கேட்ட அதே அரசாங்கம்தான் இவ்வூர் உழவனிடமும் வரி கேட்டது. வரி கேட்டு வந்தவனை எதிர்த்து நின்றான் ஒருவன் என்னும் செய்தி, வரி கொடுத்துக் களைத்தவன் காதில் இனிக்காமல் இருக்குமா?

தெருக்கூத்தில் வேறொரு வியப்பு காத்திருக்கிறது. செஞ்சியின் பழைய ஊராகிய மேலச்சேரி திரௌபதி அம்மன் வழிபாட்டின் மூலத்தலமாகக் கருதப்படுவது. தொண்டை மண்டலத்துத் திரௌபதி கோயில்களில் காவல் தெய்வங்களுள் ஒருவராக முத்தால் ராவுத்தர் என்னும் முஸ்லிம் வீரர் நிற்கிறார். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்ட்பெய்டல் 1988-இல் வெளியிட்ட திரௌபதி வழிபாட்டு ஆய்வில் இந்த ராவுத்தரையும் தேசிங்கு கதையையும் அருகருகே வைத்து ஆராய்ந்திருக்கிறார். இருவரும் ஒருவரே என்று நிறுவ எவராலும் இயலாது. நிறுவ வேண்டிய தேவையும் இல்லை. ஆயினும், அரசனுக்கோ அம்மனுக்கோ அருகில் உயிர் கொடுக்கும் முஸ்லிம் வீரன் ஒருவன் நிற்க வேண்டும் என்று செஞ்சிச் சீமையின் மக்கள் மனம் விரும்பியிருக்கிறது. காவல் தெய்வமாக்கி வழிபடுவது நம் தௌஹீதுக் கொள்கைக்கு ஒவ்வாதது என்பதைச் சொல்லத் தேவையில்லை. எனினும் வழிபடுவோரின் உள்ளத்தில் அந்நியன் என்ற எண்ணம் இல்லாதிருந்ததை நாம் ஏன் மறுக்க வேண்டும்?

பேசும் படம் வந்ததும் தேசிங்கு திரையேறினான். 1936-இலேயே அவன் பெயரால் ஒரு படம் வந்தது. இன்றைய தலைமுறை அறிந்தது 1960-இல் வெளிவந்த ‘ராஜா தேசிங்கு’. டி. ஆர். ரகுநாத் இயக்கம், ஜி. ராமநாதன் இசை, எம். ஜி. ஆர்., பானுமதி, பத்மினி நடிப்பு. எம். ஜி. ஆர். இதில் தேசிங்காகவும் தாவூத்கானாகவும் இரு வேடம் ஏற்றார். தாவூத்கான் என்னும் பெயர் சரித்திரத்தில் வேறொருவருக்கு உரியது. சஆதத்துல்லா கானுக்கு முன் நவாபாக இருந்து, 1702-இல் சென்னைக் கோட்டையை வளைத்து ஆங்கிலேயரைத் திணறடித்த தாவூத்கான் பன்னி அவர். திரைப்படத்துக்குச் சரித்திரப் பெயர் ஒன்று வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டார்கள். அதில் குற்றம் காண வேண்டாம்.

நான் கருதிப் பார்ப்பது இரட்டை வேடத்தை. இந்து அரசனுக்கும் முஸ்லிம் வீரனுக்கும் ஒரே முகம். பார்ப்பவர்க்கு ‘நாமெல்லாம் ஒன்று’ என்னும் செய்தி உடனே போய்ச் சேரும். நல்ல நோக்கந்தான். மக்களின் பெருவிருப்பத்துக்குரிய நடிகர் ஒருவர் தொப்பியணிந்து தோன்றிய காட்சிகள் நம் சமுதாயத்தாருக்கு அக்காலத்தில் எத்துணை மகிழ்ச்சி தந்தன என்பதையும் அறிவோம். ஆனால் கதைப்பாடலின் துணிவு இதில் இல்லை. பாட்டில் இருவரும் ஒரே முகத்தினர் அல்லர். ஒரே மார்க்கத்தவர் அல்லர். ஒரே ஊரில் பிறந்தவர்களும் அல்லர். ஒருவன் ரங்கநாதரிடம் போகிறான். மற்றவன் தன் இறைவனை நினைக்கிறான். வேறாக இருந்தும் ஒருவனுக்காக ஒருவன் சாகிறான். வேற்றுமையை அழித்துவிட்டுக் காட்டும் ஒற்றுமை எளிது. அதை வைத்துக்கொண்டே காட்டுவது அரிது. அந்த அரிய செயலைச் செய்தவன் ஸ்டூடியோவைக் கண்டறியாத பாடகன். திரையிசையின் இனிமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஜி. ராமநாதனின் மெட்டுகளுக்கு ஈடு அவையே. உடுக்கையும் பம்பையும் செய்ததை வாத்தியக் குழு செய்யவில்லை என்பதே என் குறை.

இவ்வொப்பீடு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். கடலிப் போரை இந்து அரசனுக்கும் முஸ்லிம் ஆதிக்கத்துக்கும் நடந்த போராகச் சொல்லும் குரல்கள் மேடைகளில் எழுவதைக் கேட்கிறோம். அவ்வாறு சொல்ல வேண்டுமாயின் முதலில் ஒருவனைக் கதையிலிருந்து அகற்ற வேண்டும். மோவுத்துக்காரன் இருக்கும் வரை அந்தக் கதை நிற்காது. ஆகவே, யாரேனும் தேசிங்கைப் பாடும்போது தோழன் இருக்கிறானா, இருந்தால் எத்தனை வரி இருக்கிறான் என்று எண்ணிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. நம்மவரிடையேயும் ஒரு குறையுண்டு. நவாபை எதிர்த்தவன் பக்கம் நின்றவன் என்பதனாலோ என்னவோ, தமிழக முஸ்லிம் வீரர்களின் வரிசையைச் சொல்லும்போது மகபத்கானை நாம் நினைப்பதே இல்லை. யூசுப்கானைச் சொல்வோம். 1764 அக்டோபர் 15-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட அவருக்கும் கதைப்பாடல் உண்டு. ‘கான்சாகிபு சண்டை’ என்னும் அதைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்து மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. பாளையக்காரர்களை ஒடுக்கியவரே பின்னர் கும்பினியையும் நவாபையும் எதிர்த்து நின்றபோது, அவரைப் பாடும் பாட்டும் பிறந்துவிட்டது. நாட்டுப்புறப் பாடகனின் தராசு விசித்திரமானது. அவன் வென்றவனைப் பாடுவதில்லை, மார்க்கம் கேட்பதில்லை, சொன்ன சொல்லில் நின்று தோற்றவனைத் தேடிப் போகிறான்.

யூசுப்கானுக்குக் கிடைத்த பேறு தேசிங்குக்கு முழுமையாகக் கிடைத்ததென்று சொல்வதற்கில்லை. பெரிய எழுத்துப் புத்தகம் ஒரு குரலைக் காத்தது. சிங்கவரத்தில் பாடியவன், ஆரணியில் பாடியவன், வழுதாவூர்ப் பக்கத்தில் பாடியவன், சென்னையில் தெருவோரம் பாடியவன் ஆகியோர் தனித்தனியே எவ்விடத்தில் நீட்டினர், எவ்விடத்தில் சுருக்கினர் என்பதை ஒலிநாடாவில் பதிந்து அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். நான் அம்பத்தூரில் கேட்ட இருவரும் இன்று இல்லை. கடைசல் பட்டறைக்காரரின் பாட்டை ஒருவரும் பதிந்துகொள்ளவில்லை. பெரியவரின் புத்தகம் அவர் பேரனிடம் இருக்கிறது; மெட்டு இல்லை.

செஞ்சிக் கோட்டைக்குப் போகிறவர்கள் இக்கதையின் மற்றுமொரு வடிவத்தைக் கல்லில் காணலாம். சஆதத்துல்லா கான் தம் வெற்றிக்குப் பின் 1717–18-இல் எழுப்பிய பள்ளிவாசல் அங்கே நிற்கிறது. பாரசீகக் கல்வெட்டும் உண்டு. அதே கோட்டைக்குள் மகபத்கான் பெயரால் வழங்கும் பள்ளிவாசலும் நிற்கிறது. வென்றவர் பெயரால் ஒன்று, தோற்றவனோடு மாண்டவன் பெயரால் ஒன்று. இரண்டும் கிப்லாவை நோக்கி ஒரே திசையில் நிற்கின்றன. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை மராட்டியர் இராணுவக் கோட்டைகளின் தொகுதியில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. பட்டியலின் தலைப்பில் மராட்டியர் பெயர் இருக்கிறது. கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் கேட்டாலோ தேசிங்கு ராஜா கோட்டை என்றுதான் வழி சொல்வார்கள். முந்நூறு ஆண்டு பல அரசுகள் ஆண்ட கோட்டைக்குப் பத்தே மாதம் ஆண்டவன் பெயர் நிலைத்தது பாட்டினால். அந்தப் பாட்டில் நீலவேணி இன்னும் வழுதாவூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறது.